ஒன்பதாம் அறையின் மணி

முதல் தடவை கூப்பிட்டபோதே கவனித்திருக்கலாம். கவனித்திருந்தால் பத்து நிமிஷ வேலை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த ஒரு வரியைத் திறந்து, அதற்கு மேலே இன்னொரு வரியைச் சேர்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். இரண்டாம் தடவையாவது கவனித்திருக்கலாம். மூன்றாம் தடவை அவர் படமே எடுத்து அனுப்பினார். அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை நான்.

குளிர்பதனக் கிடங்கின் நடைவழியில், யாரோ கழற்றிக் கொடுத்த கனமான கோட்டுக்குள் நின்றுகொண்டு அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோட்டின் கை நீளமாக இருந்தது. விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. லாப்டாப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். காவலாளி சாவிக்கொத்தில் ஒன்பதாம் அறையின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் ஏணியைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

ஃபிட்டரை எல்லோரும் ஏணி என்றே கூப்பிட்டார்கள். ஆள் குள்ளம். அதனால் வைத்த பேர். எங்கே போனாலும் சொந்த ஏணியோடுதான் போவார். அதன் மேல்படியில் துடைக்கிற துணி ஒன்று எப்போதும் முடிந்திருக்கும். அவருடைய ஃபோன் எண்ணைக்கூட அவள் அந்தப் பேரில்தான் பதிந்து வைத்திருந்தாள். உண்மைப் பேரைப் போன வாரம் ஒரு காகிதத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். இவருக்கு இப்படி ஒரு பேரா என்று ஒரு நொடி யாரோ போலத் தோன்றியது.

நடைவழியின் இரண்டு பக்கமும் ஆறாறு கதவுகள். ஒவ்வொரு கதவும் ஆள் உயரத்துக்கு மேலே, முழங்கை தடிமனில். கதவுக்கு மேலே சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து கிளம்பும் ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கதவருகே ஒரு சிவப்புப் பொத்தானில் முடியும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் காவலாளியின் ஃபோனுக்குச் சேதி போகும், எந்த அறை என்ற எண்ணோடு. முன்பெல்லாம் நடைவழியிலேயே ஓர் அபாயச் சங்கு கட்டியிருந்ததாம். ஊதினால் தெருமுனைவரை கேட்குமாம். ஃபோனுக்கே சேதி வரும் என்று ஆன பிறகு, காது கிழிகிறது என்று அதைக் கழற்றிவிட்டார்கள். சங்கு இருந்த இடத்தில் நான்கு துளைகள் இருந்தன.

"எத்தன தடவ சொல்லியாச்சு," என்றார் காவலாளி, சாவியைத் தேடியபடியே. "நீங்களும் கேக்கப் போறீங்க. கேளுங்க."

அவள் கேட்கும் முன்பே அவராகவே சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஃபோனில் சேதி வந்தது: நான்காம் அறையில் ஆள். ஓடினார். நான்காம் அறை பழுது பார்க்கக் காலி செய்யப்பட்டுக் கிடந்தது. கதவைத் திறந்தார், ஒரு ஈ காக்கா இல்லை. மூடிவிட்டு வந்தார். மறுபடி சேதி. மறுபடி ஓடிப்போய்த் திறந்து, மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. காலி ரூம்லேந்து ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னா? சனியன் புடிச்ச மிஷினுன்னு ஃபோனக் கவுத்து வெச்சுட்டேன்." சாவி கிடைத்துவிட்டது. அதைப் பூட்டில் நுழைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒம்பதுன்னு ஒரு தடவ காட்டியிருந்தா போதும்."

ஒன்பதாம் அறையில் பெட்டி அடுக்குகிற பெண் ஒருத்தி இருந்தாள். விட்டுப்போன ஒரு பெட்டியை எடுக்கப் போனவள். கதவின் உள்கைப்பிடி உறைந்து இறுகிக்கொண்டது. சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பி வரும்வரை ஒரு மணி பத்து நிமிஷம் உள்ளே நின்றாள். உயிர் இருந்தது. வலது கையில் மூன்று விரல்களின் நுனி கறுத்துப் போய், மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து எட்டு நாள் ஆகிறது.

*

அவளுடைய அலுவலகம் செய்வது இந்தச் சாம்பல் பெட்டிகளைத்தான். பெட்டிக்குள் ஓடுகிற ப்ரோக்ராமை எழுதுவது அவள் வேலை. ப்ரோக்ராம் பெட்டிக்குள் தனியாக ஒரு கன்டெய்னரில் அடைபட்டிருக்கும். அலுவலகத்தில் அதை டப்பா என்பார்கள். டப்பாவுக்குள் இருப்பதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. தான் எந்த ஊரில், எந்தச் சுவரில் தொங்குகிறோம் என்று தெரியாது. ஒரே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகச் சில விஷயங்களைக் கேட்கலாம், சிலவற்றைச் சொல்லலாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் அலுவலகத்து சர்வரில் டேக்குகள் இருக்கும். பள்ளிக்கூட நோட்டில் ஒட்டுகிற லேபிள் போல: எந்த வாடிக்கையாளர், எந்தக் கட்டடம், எந்த அறை. முன்பு இவற்றை மாட்டுகிறவர்களே கையால் எழுதினார்கள். எழுதும்போது அடிக்கடி தப்பு நடந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு ஏழாம் அறைகள் இருந்தன. பதினொன்று ஒன்றாகிப் போனது. போன வருஷம் அவள்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டியை முதலில் மாட்டும்போது ஒரு தடவை அறை எண்ணைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதை உள்ளேயே நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் டப்பாவுக்குள்ளிருந்தே அந்த ஜன்னல் வழியாகத் தன் டேக்கைத் தானே எழுதிக்கொள்ளும். யாரும் தொட வேண்டாம். யாரும் தப்புச் செய்ய முடியாது.

அன்று மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். "இனிமே பெட்டிக்கே தெரியும் அது யாருன்னு," என்று ஒருவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அந்த வரியையே நினைத்துக்கொண்டு போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வரியில் இத்தனை பேரின் தப்பைத் துடைத்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்தத் தப்பெல்லாம் யாருடையது என்று அப்போது யோசிக்கவில்லை. ஏணி மேலே நின்று, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் மறு கையில் ஃபோனுமாக டைப் அடிக்கிறவர்களுடையது.

எழுதுவதற்கு முன்னால், ஏற்கெனவே அங்கே வேறு எண் இருக்கிறதா, யாராவது மனுஷர் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறாரா என்று பார்க்கும்படி அவள் சொல்லவில்லை. பார்க்கச் சொல்ல முடியும். அந்த ஜன்னல் வழியாக அதையும் கேட்க முடியும். தோன்றவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மின்சாரம் எகிறியதில் ஒன்பதாம் அறைப் பெட்டி கருகிப்போனது. புதுப் பெட்டி கேட்டு எழுதினார்கள், வரவில்லை. நான்காம் அறை காலியாக இருந்ததால் அங்கிருந்த பெட்டியைக் கழற்றி ஃபிட்டர் ஒன்பதில் மாட்டினார். மாட்டியிருக்காவிட்டால் ஒன்பதில் பொத்தானே வேலை செய்திருக்காது. மாட்டிவிட்டு, ஏணியில் நின்றபடியே ஃபோனில் டேக்கை ஒன்பது என்று மாற்றினார். அடுத்த நாள் மின்சாரம் போய் வந்தது. பெட்டி கண் விழித்தது. தனக்குச் சொல்லிக் கொடுத்த எண்ணை எழுதிக்கொண்டது.

அப்போதுதான் அவளைக் கூப்பிட்டார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், நான் ஒம்பதுன்னு போடறேன். அது நாலுதான்னு அடம் புடிக்குது. எங்க வீட்டுச் சின்னவ மாதிரி."

அவள் சிரித்தாள். பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள் என்றாள். அவர் மூடித் திறந்து, மறுபடி ஒன்பது போட்டார். நின்றது. அடுத்த மின்வெட்டுவரை.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது கூட்டத்தில் இருந்தாள். புகார்ப் படிவத்தில் எழுதி அனுப்பச் சொன்னாள். சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒப்பந்த ஆட்களுக்கு அந்தப் படிவம் திறக்காது. தானே எழுதிவிடலாம் என்று நினைத்தாள். கூட்டம் நீண்டது. வேறு வேலை வந்தது. அன்று சாயங்காலமே மூன்றாம் தடவையாகப் படம் வந்தது. அதற்குக் கட்டைவிரல் உயர்த்திய ஒரு சின்னப் பொம்மையைப் பதிலாக அனுப்பினாள். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம்.

*

"கதவத் தெறந்தே வெச்சிருக்கேன், பயப்படாதீங்க," என்றார் காவலாளி. கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போனார். அந்தக் கட்டை புதிது.

அவள் உள்ளே போய்ப் பொத்தானைப் பார்த்தாள். பொத்தானைச் சுற்றிச் சுவரில் சின்னச் சின்னக் கீறல்கள். இரண்டு நிமிஷத்தில் மூக்கு எரிய ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிஷம், கோட்டுக் கைக்குள் விரல்களை மடக்கி வைத்திருந்தும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எழுபது நிமிஷத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

ஃபிட்டர் மேலே ஏறிப் பெட்டியைத் திறந்து, கேபிளைக் கீழே விட்டார். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து லாப்டாப்பில் மாட்டினாள். நிமிர்ந்தபோதுதான் பெட்டியின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே வெள்ளை டேப் ஒட்டி, கறுப்பு மையில் பெரிதாக ஒன்பது என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை அழுத்தி எழுதிய எழுத்து. மூன்றாம் தடவை அவர் அனுப்பிய படம் இதுதான். படத்தின் கீழ்ப்பாதியில் அவருடைய ஃபோன் திரை, அதில் நான்கு. மேல்பாதியில் இந்த டேப்.

"ஒரு தடவ அணைச்சுப் போடுங்க," என்றாள்.

அவர் பெட்டியை அணைப்பதற்கு முன் தன் ஃபோனில் டேக்கை ஒன்பது என்று மாற்றிக் காட்டினார். அவள் திரையிலும் ஒன்பது வந்தது. அணைத்தார், போட்டார். பச்சை விளக்கு மூன்று முறை சிமிட்டியது. இருவரும் காத்திருந்தார்கள். குளிர்க் காற்று கதவிடுக்கு வழியாக அவள் முதுகில் படிந்துகொண்டிருந்தது.

ஒன்பது போய் நான்கு வந்தது.

ஃபிட்டர் ஏணியின் மூன்றாம் படியில் அப்படியே நின்றார். முடிந்திருந்த துணியை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா மேடம்."

"பாத்தேன்."

"அப்ப என் தப்பு இல்லல்ல?"

இதை அவர் அவளிடம் கேட்டதுபோல இல்லை. எட்டு நாளாகத் தனக்குள்ளேயே கேட்டு வைத்திருந்ததை வெளியே எடுத்து வைப்பதுபோல இருந்தது.

"இல்ல," என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. என் தப்பு என்பது இரண்டே வார்த்தை. அவள் கேபிளைச் சுருட்டினாள்.

சர்வரில் ஒவ்வொரு டேக்கும் எப்போது மாறியது, யார் மாற்றியது என்ற வரலாறு இருக்கும். திறந்து பார்த்தாள். ஒப்பந்தப் பணியாளர்: ஒன்பது. கருவி: நான்கு. ஒப்பந்தப் பணியாளர்: ஒன்பது. கருவி: நான்கு. விபத்துக்கு முன் மட்டும் மூன்று ஜோடி. மூன்றாவது ஒன்பதுக்குப் பிறகு பதினாறு நாள் எந்த மின்வெட்டும் இல்லை. விபத்துக்கு முந்தின நாள் காலையில் ஒரு பத்து நிமிஷம் போயிருக்கிறது. கருவி என்று இருந்த இடத்திலெல்லாம் அவளுக்குத் தன் கையெழுத்தே தெரிந்தது.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது, கான்ட்ராக்டர் எட்டு நாளாக வேலை கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார். ரிப்போர்ட் வரட்டும் என்கிறாராம். போலீஸிலும் ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். புகாராக எதையும் சொல்லவில்லை, வழிப் பேச்சு போலத்தான் சொன்னார். இன்றைக்கு இந்த ஒரு வேலைக்குக் கூப்பிட்டதே பெரிது என்றும் சொன்னார்.

*

வாசலில் வருகைப் பதிவு இயந்திரத்தின் முன் ஒரு பெண் நின்றிருந்தாள். வலது கை மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் வெளியே தெரிந்தன. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மருத்துவமனைக் காகிதங்கள். இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தாள். இயந்திரம் கரகரத்த குரலில் மறுபடி முயலச் சொன்னது. சுண்டுவிரலை வைத்தாள். மறுபடி முயலச் சொன்னது.

"ஆள்காட்டி வெரலத்தான் பதிஞ்சிருக்காங்க," என்றாள் அந்தப் பெண், பக்கத்தில் வந்து நின்றவர்களைப் பார்த்து. "அது இல்லங்கறத இதுகிட்ட யாரு சொல்றது." சிரித்தாள். அதே இடத்தில் அதே வார்த்தையைப் பலரிடம் சொல்லிப் பழகிய சிரிப்பு.

விடுப்பில் இருந்தாலும் வாரத்துக்கு ஒரு நாள் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் தானாகவே வேலையிலிருந்து நின்றுவிட்டதாக எழுதிவிடுவார்களாம். காலையிலிருந்து நிற்கிறாள். கண்காணிப்பாளர் வந்துதான் வேறு விரலைப் பதிய முடியும். அவர் வெளியே போயிருக்கிறார்.

"நீங்க மிஷின் ஆளுங்களாம்மா? இதப் பத்தித் தெரியுமா?"

அவள் லாப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்தின் பின்பக்கம் பார்த்தாள். கண்காணிப்பாளரின் ரகசிய எண் இல்லாமல் திறக்காது. அதையே சொன்னாள்.

"பரவால்லம்மா. உக்காந்துக்கறேன்."

அந்தப் பெண் படியில் உட்கார்ந்தாள். ஃபிட்டர் ஏணியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பெண் யாரென்று தெரியும், அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்று தெரியாது. நேரமாகிவிட்டது, அலுவலக வண்டி வந்துவிடும். ஆனாலும் அவள் லாப்டாப்போடு ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எழுந்து போவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை.

"உள்ள இருந்தப்ப ரொம்ப கத்தினீங்களா?" என்று கேட்டாள். கேட்ட உடனே ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"இல்லம்மா. அதுதான் தப்பாப் போச்சு." அந்தப் பெண் கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டாள். "பொத்தான அழுத்தினா அதுலயே சின்னதாப் பச்ச லைட்டு எரியும். லைட்டு எரிஞ்சா சேதி போயிடுச்சுன்னு அர்த்தம், பேசாம நில்லுங்க, ஆள் வந்துடுவாங்கன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. அழுத்தறப்பல்லாம் லைட்டு எரிஞ்சுது. அதனால நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கதவப் போட்டு அடிச்சேன். அதுக்குள்ள கையில உணர்ச்சியே இல்ல."

பச்சை விளக்கு எரிவதும் அவள் எழுதிய ப்ரோக்ராமில்தான். சேதி சர்வரைச் சேர்ந்ததும் எரியும். சேர்ந்தது உண்மை. விளக்கு பொய் சொல்லவில்லை.

"லைட்டுதான் தைரியம் குடுத்துச்சும்மா அப்ப," என்றாள் அந்தப் பெண். "அதையே பாத்துக்கிட்டு நின்னேன்."

*

மறுநாள் காலை வீட்டில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது கணவன் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக அவனுக்கு வேலை இல்லை. துணி உலர்த்துவதில் இப்போது ஒரு ஒழுங்கு வந்திருந்தது. சட்டைகள் ஒரு பக்கம், பாவாடைகள் ஒரு பக்கம், சின்னத் துணிகள் நடுவில், வெளியே தெரியாமல். மேலாளர் ஏதோ ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்கப் போகிறார் என்று அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கட்டைவிரல் பொம்மையைத் தவிர.

அவன் கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு கேட்டான். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னான்.

"நீ போடலன்னாலும் வேற யாராவது போடுவாங்க. அவர் வேல போகத்தான் போகுது."

"தெரியும்."

"எனக்காகப் பாக்கறேன்னு மட்டும் நெனைக்காத." கொடியின் மறுமுனைக்குப் போய்ச் சொன்னான்: "நெனைக்காம இருக்க முடியாதுன்னும் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஒரு சட்டையின் கையை இழுத்து நேராக்கினான். அவன் கடைசியாக நேர்முகத்துக்குப் போட்டுப் போன சட்டை அது. அப்புறம் போடவே இல்லை, ஆனாலும் வாரா வாரம் துவைத்தான்.

*

மேலாளரின் அறை மூன்றாம் மாடியில். ஜன்னலிலிருந்து கேட் தெரியும். காவலுக்கு இருப்பவர் ஏணியை உள்ளே விடமாட்டார், அது விதி. அதனால் ஃபிட்டர் கேட்டுக்கு வெளியே, மதில் நிழலில், ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வரும்போது அவளிடம் சொன்னார். திருப்பிக் கொடுப்பதற்கு முன் துடைத்து வைத்திருந்தார் போல, அட்டையின் மேல் பளபளப்பு இருந்தது.

மேலாளர் ஒரு பக்க ரிப்போர்ட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கெட்டவர் இல்லை. அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது இருபது நாள் விடுப்புக் கொடுத்து, ஒரு நாள்கூடக் கூப்பிடாமல் இருந்தவர்.

அவள் படித்தாள். விபத்து நடந்த நேரத்தில் கருவியின் டேக்கில் இருந்த எண் நான்கு. கருவியை ஒன்பதாம் அறைக்கு இடம் மாற்றியவர் ஒப்பந்தப் பணியாளர். இடம் மாற்றும்போது டேக்கைச் சரி செய்வது மாற்றுகிறவரின் பொறுப்பு. கருவியையும் மென்பொருளையும் நேரில் சோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை. கீழே அவள் பேர், அதற்கு மேலே ஒரு கோடு.

"அவர் மூணு தடவ மாத்தியிருக்கார் சார்," என்றாள். "மூணு தடவயும் என் ப்ரோக்ராம் திருப்பி எழுதியிருக்கு. நேத்து என் கண்ணு முன்னாடியே எழுதுச்சு."

"எனக்குத் தெரியும்."

அவர் அப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஆயிரக்கணக்கான பெட்டிகள் வெளியே இருக்கின்றன, மென்பொருளில் குறை என்று ஒரு காகிதத்தில் வந்தால் எல்லா வாடிக்கையாளரும் வாசலில் நிற்பார்கள், இங்கே நூற்றுப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் சத்தமில்லாமல் அந்த வரியைச் சரி செய்துவிடலாம், அதற்கு வேண்டிய ஆளைத் தருகிறேன் என்றார். ஃபிட்டருக்கு வேறு கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்துவிடும், இந்தத் தொழிலில் ஆள் கிடைப்பதே கஷ்டம் என்றார். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். வழக்கு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை.

"எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னார் சார். நான்தான் எழுதி வெக்கல."

"ஃபோன்ல சொன்னதுக்கு என்னம்மா ஆதாரம் இருக்கு?"

"நான் இருக்கேன்."

மேலாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வீட்டுக்காரருக்கு ஏதாவது அமைஞ்சுதா?" என்றார், உண்மையிலேயே அக்கறையோடு.

"இன்னும் இல்ல சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். அவசரப்பட வேண்டாம். சாப்பிட்டு வந்து நிதானமாப் போடுங்க." பேனாவின் மூடியைத் திறந்து, எழுதுகிற முனை தன் பக்கமும் பிடிக்கிற பக்கம் அவள் பக்கமுமாக நீட்டினார். "நீங்க போடலன்னா பக்கத்து சீட்ல இருக்கறவர் போடுவாரு. அதுவும் உங்களுக்குத் தெரியும். ஆனா நேர்ல போய்ப் பாத்தது நீங்க. உங்க கையெழுத்துன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருப்பது மரியாதைக் குறைவு போலத் தோன்றியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பேனா பிடிக்க இந்த மூன்றும் வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் எழுதி, இதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

கீழே கேட்டில் காவலுக்கு இருப்பவர் ஏதோ சொல்ல, ஃபிட்டர் எழுந்து நின்றார். உள்ளே வரச் சொல்கிறார்கள் போல. ஏணியை எங்கே விட்டுவிட்டு வருவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அதை மதிலோடு ஒட்டிப் போட்டுவிட்டு, துணியை மட்டும் அவிழ்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டடி நடந்து திரும்பி, யாராவது எடுத்துப் போய்விடுவார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அவள் பேனாவின் மூடியை எடுத்து மூடினாள். தன் பேருக்கு மேலே இருந்த கையெழுத்துக் கோட்டில் பேனாவைக் குறுக்காக வைத்தாள்.

"சாப்பிட்டு வந்தாலும் போட மாட்டேன் சார்," என்றாள். தண்ணீர்க் குவளையை நகர்த்திவிட்டு எழுந்தாள்.